களத்தில் இறங்கும் முன் கழற்ற வேண்டியது

பாப்பாவுக்கு,

ரவிக்கைகள் இரண்டையும் தைத்து முடித்துவிட்டேன். முகூர்த்தத்துக்கு ஒன்று, மாலை வரவேற்புக்கு ஒன்று. இந்தப் பார்சலிலேயே வைத்திருக்கிறேன். பயிற்சி கேம்ப்பில் ஓய்வு கிடைக்கும்போது போட்டுப் பார்த்து, எங்கே பிடிக்கிறது, எங்கே தொளதொளக்கிறது என்று போனில் சொல். கீழப்பழுவூர் பஸ் நிறுத்தத்துக்கு எதிரே கடை போட்டு எத்தனையோ கல்யாணப் பெண்களுக்குத் தைத்திருக்கிறேன். உன் தோளைப் போல ஒரு தோளுக்கு இதுவரை தைத்ததில்லை. அளவு நாடாவைச் சுற்றியபோது கண் தவறிப் படித்துவிட்டேனோ என்று மறுபடி அளந்தேன். தவறவில்லை. கை அளவு உன் அப்பாவுடையதைவிடப் பெரிது. கழுத்தும் அப்படித்தான். வழக்கமாகப் போடும் வளைவு உனக்குச் சரிப்படாது என்று புதிதாகத் தாளில் வெட்டிப் பார்த்துத்தான் துணியில் கத்தரி வைத்தேன். கடைக்கு வந்த ஒரு பெண் அதைப் பார்த்துவிட்டு, "என்னக்கா, மாப்பிள்ளைக்கும் சேத்து ரவிக்கையா?" என்று கேட்டாள். "ஆமா, நீ வேணா எம் பொண்ணுகிட்டயே போய்க் கேளேன்" என்றேன். வாயை மூடிக்கொண்டாள். எனக்கு ஒரே சந்தோஷம்.

இதையெல்லாம் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் நான் ஒன்று சொன்னால் நீ "சரிம்மா, சரிம்மா" என்று ஓட்டமாய் ஓடுகிறாய். கடிதத்துக்குக் குறுக்கே நீ பேச முடியாது பார். போன வாரம் பேச்சுவாக்கில் ஒன்று கேட்டாயே, "கல்யாணத்துக்கு அடுத்த மாசந்தானே மாநில செலக்‌ஷன், ஒருவேளை நான் போகலைன்னா என்னம்மா?" என்று. நானும் அடுப்பில் ஏதோ இருக்கிற மாதிரி போனை வைத்துவிட்டேன். அடுப்பில் ஒன்றும் இல்லை. என்ன சொல்வதென்று தெரியவில்லை, அவ்வளவுதான். இப்போது தெரிகிறது. ஆனால் அதற்கு நான் கொஞ்சம் சுற்றித்தான் வர வேண்டும். நீ பொறுத்துக்கொள்.

நீ காலேஜில் சேர்ந்த வருஷம் பெரம்பலூரிலிருந்து வந்து, "அம்மா, நான் மல்யுத்தத்துல சேந்துருக்கேன்" என்று சொன்னது நினைவிருக்கிறதா? எனக்குத் தெரிந்த மல்யுத்தமெல்லாம் டிவியில் பார்த்ததுதான். நீளமுடிக்காரன்கள் கத்திக்கொண்டே வந்து நாற்காலியை எடுத்து ஒருத்தன் மண்டையில் ஒருத்தன் போடுவார்கள். என் பெண்ணை யாரோ நாற்காலியால் அடிக்கப்போகிறார்கள் என்றே நினைத்தேன். அப்புறம் ஒரு நாள் வீட்டுக்குள் நுழைகிறேன், நீ நடுக்கூடத்தில் மல்லாந்து, உச்சந்தலையையும் இரண்டு பாதங்களையும் மட்டும் தரையில் ஊன்றி, உடம்பை வில்லாக வளைத்து நின்றுகொண்டிருக்கிறாய். நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டுக்காரர் ஓடி வந்துவிட்டார். "கழுத்து முறிஞ்சிடும்டி!" என்று நான் அலற, நீ அப்படியே தலைகீழாக என்னைப் பார்த்து, "முறியாம இருக்கத்தாம்மா இது" என்றாய். உன் அப்பா லாரியிலிருந்து சிமென்ட் தூசியோடு இறங்கி வந்து, கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, "புள்ள சொல்றது சரியாத்தான் படுது" என்று சாப்பிட உட்கார்ந்துவிட்டார். அந்த மனுஷனுக்கு எதிலும் அவ்வளவுதான் கவலை.

முதல் போட்டியில் நான் செய்த கூத்தை நீ இன்னும் கோச் மேடத்திடம் சொல்லிச் சிரிப்பது எனக்குத் தெரியும். மாவட்டப் போட்டி ஒரு வெள்ளிக்கிழமையில் வந்தது. வெள்ளிக்கிழமை, அதிலும் ஒரு நல்ல காரியத்துக்குப் போகிற நாள், பெண்பிள்ளையை எண்ணெய் தேய்க்காமல் அனுப்புவேனா? விடியலில் உட்காரவைத்து, நல்லெண்ணெயைக் காய்ச்சி, உச்சந்தலையிலிருந்து உள்ளங்கால் வரை சூடு பறக்கத் தேய்த்தேன். நீயும் அன்றைக்குப் புதுசு, உனக்கும் ஒன்றும் தெரியவில்லை. சீயக்காய் போட்டுக் குளித்தாலும் நம் எண்ணெய் லேசில் விடுமா? களத்தின் ஓரத்தில் நடுவர் உன் கையை ஒரு தடவு தடவினார், முகத்தைச் சுளித்தார், இன்னொரு தடவு தடவினார். உடம்பில் எண்ணெய்ப் பசை இருந்தால் எதிராளிக்குப் பிடி வழுக்கும், அது அழுகுணி ஆட்டம் என்பது அப்போது எனக்குத் தெரியாது. "யாரும்மா இவங்களுக்கு எண்ணெய் தேச்சது?" என்று அவர் கேட்க, நான் பார்வையாளர் மாடத்திலிருந்து பெருமையாகக் கையைத் தூக்கினேன். அத்தனை கூட்டமும் சிரித்தது. குழாயடியில் நானும் கோச் மேடமும் ஆளுக்கொரு பக்கம் நின்று பாத்திரம் துலக்கும் சோப்பைப் போட்டு உன்னைத் தேய்த்தோம். போட்டியில் நீ தோற்றாய். ஆனாலும் திரும்பி வரும்போது பஸ்ஸில் என் மடியில் தலையை வைத்துச் சிரித்துக்கொண்டே வந்தாய். இவள் இதை விடமாட்டாள் என்று அன்றைக்கே தெரிந்துவிட்டது எனக்கு.

அதற்குப் பிறகு நான் எந்தப் போட்டியையும் விடவில்லை. மாடத்தில் உட்கார்ந்து, பக்கத்தில் இருக்கிற பிள்ளைகளின் அம்மாக்களைத் துளைத்து எடுத்து, ஒவ்வொன்றாய்க் கற்றுக்கொண்டேன். சிவப்பு உடுப்பு ஒருத்தி, நீல உடுப்பு ஒருத்தி. மூன்று மூன்று நிமிஷமாக இரண்டு சுற்று, நடுவில் மூச்சு வாங்க அரை நிமிஷம். நிற்கிறவளைப் பிடித்துக் கீழே சாய்த்து மேலே ஏறிவிட்டால் இரண்டு புள்ளி. வட்டத்தை விட்டு வெளியே தள்ளினால் ஒன்று. தூக்கி அடித்து மல்லாத்தினால் நாலு. பத்துப் புள்ளி முந்திவிட்டால் ஆட்டம் அத்தோடு சரி. ஆனால் எத்தனை புள்ளி பின்தங்கியிருந்தாலும், எதிராளியின் இரண்டு தோளையும் சேர்த்துத் தரையில் பதித்துவிட்டால் அந்தக் கணமே ஜெயம். எனக்கு இந்த விளையாட்டில் ரொம்பப் பிடித்தது இதுதான். கடைசி நொடி வரைக்கும் யாரும் முழுசாகத் தோற்பதில்லை. ஒரு தோள் பட்டுவிட்டது என்று யாரும் எழுந்து போய்விடுவதில்லை. அந்த இன்னொரு தோளைத் தரையில் படவிடாமல் தூக்கி வைத்திருக்கத்தான் நீ கூடத்தில் வில்லாய் வளைந்து நின்றாய் என்பது எனக்கு மெதுவாகத்தான் விளங்கியது.

இன்னொன்றும் சொல்கிறேன். கல்யாணம் முடிந்ததும் வீடு வீடாக விருந்துக்குக் கூப்பிடுவார்கள். கறியும் மீனும் கேசரியும் இலையில் மலையாகக் குவியும். வேண்டாம் என்றால் முகம் சுருங்கும். போட்டியன்று காலையில் எடை பார்க்கும்போது கொஞ்சம் கூடியிருந்தாலும் உன்னை வெளியே நிறுத்திவிடுவார்கள். அங்கே வந்து "எங்க சித்தி ஊட்டிட்டாங்க" என்று சொல்ல முடியாது. அதனால் எல்லா வீட்டிலும் உட்கார், எல்லாவற்றிலும் ஒரு வாய் எடு, நன்றாயிருக்கிறது என்று வாயாரச் சொல், மீதியை மாப்பிள்ளை பக்கம் தள்ளு. டிராக்டர் ஒர்க்‌ஷாப்பில் நாள் முழுக்கக் குனிந்து நிமிர்கிற உடம்பு, அவர் தாங்குவார். நான் ஏற்கெனவே அவரிடம் சொல்லிவிட்டேன். "அதுக்கென்னங்க அத்த, நான் பாத்துக்கிறேன்" என்று சந்தோஷமாகத் தலையாட்டினார். இந்தக் கடமையை அவர் ரொம்ப நன்றாகச் செய்வார் என்று படுகிறது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நிச்சயதார்த்தத்தன்று பாக்கு வெற்றிலை மாற்றிய கையோடு அவர்கள் பக்கத்துப் பெரியவர் ஒருவர் கேட்டாரே, "அந்த வெளையாட்டுல நகை நட்டெல்லாம் கழட்டிப்புட்டுத்தான் இறங்கணுமாமே, அப்ப தாலி?" என்று. மாப்பிள்ளைதான், "ஆமாங்க, அதையும் கழட்டணும். விதி அப்படிங்க" என்று தைரியமாகச் சொன்னார். நீ தலையைக் குனிந்துகொண்டாய். உன் வருங்கால அத்தை, என் சம்பந்தியம்மா, எழுந்து கொல்லைப் பக்கம் போய்விட்டார். நீ அதைத்தான் பார்த்தாய். அன்றையிலிருந்துதான் உன் பேச்சில் இந்த "ஒருவேளை போகலைன்னா" முளைத்தது. நீ சொல்லாவிட்டாலும் எனக்குத் தெரியும். நீ மாப்பிள்ளைக்காக யோசிக்கவில்லை, அந்த அம்மாவுக்காக யோசிக்கிறாய். கணவரை இழந்து, முந்திரி உடைத்துப் பருப்பெடுக்கிற வேலை பார்த்து இரண்டு பையன்களை வளர்த்தவர். அவர் மனசு நோகக் கூடாது என்று நீ நினைத்தது எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. கூடவே, அதற்காக நீ விளையாட்டையே விட்டுவிடுவாயோ என்று பயமாகவும் இருந்தது.

தாலியைக் கழற்றுவது என்பது நம் வீட்டில் நடக்காததா? ஆடிப் பெருக்கன்று கயிறு மாற்றும்போது கழற்றுகிறோம். புதுக்கயிறு கழுத்தில் ஏறிய பிறகுதான் பழசை எடுப்போம், கழுத்து வெறுமையாக இருக்கவிடமாட்டோம், அது வேறு. ஆனால் எனக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன் நடந்தபோது நீ ஸ்கூலில் படித்துக்கொண்டிருந்தாய். பெரம்பலூர் ஆஸ்பத்திரியில் நர்ஸ் வந்து, "எல்லாத்தையும் கழட்டிக் குடுத்துருங்கம்மா, தாலியும்தான்" என்றாள். ஆபரேஷனுக்கு அழாதவள் அதற்கு அழுதேன். உன் அப்பா அதை வாங்கிக் கைக்குட்டையில் முடிந்து சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். நான் வெளியே வரும்வரை பையின் மேல் வைத்த கையை எடுக்கவேயில்லையாம். டீயைக்கூட இடது கையால் குடித்தாராம், உன் சித்தப்பா சொல்லிச் சிரித்தார். நான் கண் விழித்ததும், "இந்தா ஒன் சாமான், பத்திரமா இருக்கு" என்று நீட்டினார். அந்த மனுஷன் என்னிடம் அதைவிட அன்பாக எதையும் சொன்னதில்லை. அது கழுத்தில் இல்லாத அந்த நேரத்தில் நான் அவர் பெண்டாட்டி இல்லாமல் போய்விட்டேனா என்ன? உனக்குச் சொல்ல இதை மனசில் தயார் செய்து வைத்திருந்தேன். ஆனால் அந்த அம்மாவிடம் இதை எப்படிச் சொல்வது? இருக்கிற கணவரின் சட்டைப் பையைப் பற்றி, கணவரே இல்லாதவரிடம் பேசுவதா?

அப்படி நான் குழம்பிக்கொண்டிருக்கும்போது முந்தாநாள் அவரே வந்துவிட்டார். ஜெயங்கொண்டத்திலிருந்து பஸ் ஏறி, கையில் ரவிக்கைத் துணியோடு. கல்யாணத்துக்குத் தனக்கும் ஒன்று தைக்க வேண்டுமாம். அங்கே தையல்காரர்களுக்கா பஞ்சம்? பேசத்தான் வந்திருக்கிறார் என்று புரிந்து, கடையில் இருந்தவர்களை அப்புறம் வரச் சொல்லிவிட்டு ஸ்டூலைத் துடைத்துப் போட்டேன். சுற்றி வளைக்கவில்லை அவர்.

"அன்னிக்கு நான் எழுந்து போனது உங்களுக்கு சங்கடமா இருந்துருக்கும் சம்பந்தி."

"அதெல்லாம் இல்லைங்க" என்றுதான் ஆரம்பித்தேன். என் வாய் சும்மா இருக்குமா? "இருந்துச்சுங்க. எனக்கும் இருந்துச்சு, பாப்பாவுக்கும் இருந்துச்சு."

அவர் தலையை ஆட்டினார். "மொதல்ல அது என்ன வெளையாட்டுன்னு சொல்லுங்க. எம் மவன் சொல்றது ஒண்ணும் புரிய மாட்டேங்குது."

நான் போனை எடுத்து, திருச்சியில் நீ ஜெயித்த ஆட்டத்தைப் போட்டேன். சிவப்பு நீ, நீலம் அந்தத் திண்டுக்கல் பெண். முதல் பிடியிலேயே அவள் உன் காலை வாரினாள் அல்லவா, அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். "அடிச்சுக்குதுங்களா?" என்றார். "அடிக்கக் கூடாதுங்க. குத்தக் கூடாது, கடிக்கக் கூடாது, முடியப் புடிக்கக் கூடாது, துணியக்கூடப் புடிக்கக் கூடாது" என்று வரிசையாகச் சொன்னேன். நீ மல்லாந்து, தலையை ஊன்றி வளைந்தபோது, "ஐயோ, பட்டுருச்சா?" என்று கேட்டார். "ஒரு தோள்தாங்க. ரெண்டும் சேந்து படணும். பாருங்க, விடமாட்டா" என்றேன். நீ அவளைப் புரட்டிக்கொண்டு மேலே வந்தபோது அந்த அம்மா ஸ்டூலிலிருந்து எழுந்தே விட்டார். எதிரே பஸ்ஸுக்கு நின்றவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். மறுபடி போடச் சொன்னார். இந்தத் தடவை அவரே எனக்குப் புள்ளி சொன்னார். மூன்றாவது தடவை பார்க்கும்போதுதான் அது அவர் கண்ணில் பட்டது.

"அந்தப் புள்ள நம்ம பொண்ணு கழுத்தப் புடிச்சு இழுக்குதே."

"அதுக்குத்தாங்க கழட்டச் சொல்றாங்க. மஞ்சக் கயிறுகூட ஆவாது. அதுவே கழுத்த இறுக்கிரும்."

அவர் போனை என்னிடம் கொடுத்துவிட்டு, ஸ்டூலில் மறுபடி உட்கார்ந்தார். பிறகு ரொம்ப நிதானமாகச் சொன்னார். "என் கழுத்துலேருந்து எடுத்தப்ப ஊரே சுத்தி உக்காந்துருந்துச்சு சம்பந்தி. வேணாம் வேணாம்னேன். யாரும் கேக்கல. அன்னிக்கு அந்தப் பேச்சு வந்ததும் எனக்கு அதான் கண்ணு முன்னால வந்துச்சு. அங்க உக்காந்து அழுதா நல்லாருக்காதுன்னு எழுந்து போயிட்டேன். ஒங்க பொண்ணு மேல எனக்கு என்ன கோவம்? அவ அவளாவே கழட்டப் போறா, வெளையாண்டுட்டு அவளாவே எடுத்துப் போட்டுக்கப் போறா. ஆசயா வெளையாடுற புள்ளக்கி நான் குறுக்க நிப்பேனா?"

நான் அழுதுவிட்டேன், பாப்பா. அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். அப்புறம், "அப்ப நீங்களும் செலக்‌ஷனுக்கு வாங்க. களத்துல இறங்கறப்ப கழட்டி உங்க கையிலதான் குடுக்கச் சொல்லுவேன்" என்றேன். அதுவரை என் கையைப் பிடித்திருந்தவர் சட்டென்று இழுத்துக்கொண்டார். "அய்யய்யோ, நான் தொடக் கூடாதுங்க. பெரியவன் கல்யாணத்துல ஆசீர்வாதத்துக்குத் தாலித் தட்டு சுத்தி வந்தப்பவே நான் பந்திப் பக்கம் போயிட்டேன். நீங்க வச்சுக்குங்க. நான் தூரமா உக்காந்து பாக்குறேன், அது போதும்." பெற்ற மகனின் கல்யாணத்தில், மருமகளுக்குக் கட்டப்போகிற தாலியைத் தொட்டு ஆசீர்வதிக்காமல், சாப்பாட்டு இலை போடுகிற இடத்தில் போய் நின்றிருக்கிறார். அதை ஏதோ பஸ் தவறிவிட்டது என்பது போலச் சொல்கிறார். நான் மேலே பேசுவதற்குள் அவருடைய பஸ் வந்துவிட்டது. போகிற போக்கில் ஜன்னல் வழியாக, "ரெண்டு தோளும் படணும், இல்ல?" என்று உறுதிப்படுத்திக்கொண்டார்.

ஆக, உன் கேள்விக்கு என் பதில் இதுதான். நீ போகிறாய். யாருக்காகத் தயங்கினாயோ அவரே வந்து பார்க்கப்போகிறார். ஜெயிப்பதும் தோற்பதும் அன்றைய பிடியைப் பொறுத்தது. எடை தாண்டி நின்றாலோ, பயந்து நின்றாலோ மட்டும்தான் எனக்குக் கோபம் வரும்.

இனி ஒரே ஒரு வேலை இருக்கிறது, அதை நீதான் செய்ய வேண்டும். கல்யாண மண்டபத்தில் தாலித் தட்டு சுற்றி வரும்போது அவரை முன்னால் நிறுத்த நான் பார்க்கிறேன். சண்டை போட்டாவது பார்க்கிறேன். ஆனால் அங்கே பெரியவர்கள் பத்துப் பேர் பத்து விதம் பேசுவார்கள், அவரே கூச்சப்பட்டு நழுவிவிடுவார், என்னால் முடியாமலும் போகலாம். களத்தின் ஓரத்தில் அந்தப் பேச்செல்லாம் கிடையாது. அங்கே நடுவர் வைத்ததுதான் சட்டம், அந்தச் சட்டம் உன்னைக் கழற்றச் சொல்கிறது. உன் பெயரைக் கூப்பிட்டதும் மாடத்துக்கு ஓடி வா. நான் பக்கத்திலேயேதான் இருப்பேன், கையை நீட்டமாட்டேன். மாப்பிள்ளையும் நீட்டமாட்டார், சொல்லி வைத்துவிட்டேன். கழற்றி, உன் அத்தை கையில் வை. வேண்டாம் வேண்டாம் என்பார். கையைப் பின்னால் இழுப்பார். கண் கலங்குவார். நீ அவருடைய மணிக்கட்டைப் பிடித்து, உள்ளங்கையை விரித்து, அதில் வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிவிட்டுப் போ. முந்திரி உடைத்த கை, நல்ல பலம் இருக்கும், கொஞ்சம் திமிறத்தான் செய்யும். நீ விடாதே.

அம்மா